திருவிருந்து ஞாயிறும் காலை மாத்திரையும்

ஆம்பூரில் பொன்மலரைப் பார்த்து யாராவது "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டுதான் வீடு போவார்கள். "கைதான் ஆடுது, வாய் நல்லாத்தான் இருக்குது. இன்னா வேணும், சொல்லு" என்பாள். வந்தவருக்கு எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகும். அந்த வாய்க்குப் பயந்தவர்கள் தெருவிலும் உண்டு, கம்பெனியிலும் உண்டு. கோயிலில் மட்டும், கிட்டத்தட்ட ஒரு வருஷம், அது மூடிக் கிடந்தது. சொல்ல வந்த கதை அதுதான்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஷூ கம்பெனியில் சேர்ந்தவள் பொன்மலர். ஷூவின் மேல்பாகத் தோலைத் தைக்கிற லைனில் வேலை. வளைவில் தையல் ஓட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சூப்பர்வைசர் தபரேஸே சொல்லுவார். அந்த மனிதர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருவது லேசுப்பட்ட காரியமில்லை. கணவன் ஏசுராஜுக்கு ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் இடத்தில் வேலை. ஒரே மகள் ஜெனிஃபா. குடும்பம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முப்பத்தைந்தாவது வயதில் ஒருநாள் வலது கண்ணில் புகை மூட்டியதுபோல் ஆனது. தானாகவே சரியாகிவிட்டது. அடுத்த வருஷம் இடது கால் மரத்துப்போனது. சூடு என்றார்கள், திருஷ்டி என்றார்கள். செருப்பு சரியில்லை என்றுகூட ஒருத்தி சொன்னாள், அதுவும் ஷூ கம்பெனிக்காரியிடமே! கடைசியில் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்த பிறகுதான் நரம்பு டாக்டர் கேத்தரின் வியாதியின் பெயரைச் சொன்னார்: மல்டிபிள் ஸ்கிலரோசிஸ். ஏசுராஜுக்கு இன்றுவரை அந்தப் பெயர் வாயில் நுழைந்தது கிடையாது.

"ஒயர் மேல பிளாஸ்டிக் உறை இருக்குதில்ல? நரம்புக்கும் அப்படி ஒண்ணு இருக்கு. உங்க உடம்பே அதை அங்கங்க அரிச்சிடுது. அதனால மூளை சொல்றது கைகாலுக்கு ஒழுங்கா போய்ச் சேரல" என்றார் டாக்டர்.

"பினிஷிங் உரிஞ்ச தோலு மாதிரியா?"

"அப்படியே வச்சுக்கலாம்" என்று டாக்டர் சிரித்தார். பொன்மலருக்குச் சிரிப்பு வரவில்லை. பினிஷிங் உரிந்த தோலைக் கம்பெனியில் தூக்கி ஒதுக்கிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

வியாதி மேலே ஏறாமலிருக்க ஊசி போட்டார்கள். ஆனால் அதற்குள் வலது கையில் நடுக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. விசித்திரமான நடுக்கம் அது. மடியில் சும்மா கிடக்கும்போது கை சாதுவாக இருக்கும். எதையாவது எடுக்கப் போனால்தான் ஆட்டம். டம்ளர் நெருங்க நெருங்க ஆட்டமும் ஜாஸ்தியாகும். விரலில் ஊசி ஏறுவதற்கு முன்னால் தபரேஸ் அவளை மிஷினிலிருந்து எடுத்து, தைத்ததைச் சரிபார்க்கிற மேஜைக்கு மாற்றினார். அவரோடு அவள் வெகுநாள் பேசவில்லை. டீயைக்கூட மேஜையில் வைத்துக் குனிந்து உறிஞ்சிக் குடித்தாள், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து.

இந்த நடுக்கத்துக்கென்று டாக்டர் கேத்தரின் தனியாக ஒரு மாத்திரை எழுதினார். புரோப்ரனோலால் என்று பெயர். எழுதுவதற்கு முன்னால் போலீஸ் விசாரணை மாதிரி கேள்வி. வீசிங் இருக்கா, சின்ன வயசில் ஆஸ்துமா உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், நாட்டு மருந்து ஏதாவது? ஈசிஜி எடுத்தார், நாடியும் பிரஷரும் பார்த்தார். குறைந்த அளவில் ஆரம்பித்து, திரும்ப வரவழைத்துப் பார்த்து, கொஞ்சம் கூட்டினார்.

"காலையில சாப்பிட்டு ஒண்ணு, ராத்திரி சாப்பிட்டு ஒண்ணு. நடுக்கம் அடியோட போயிடும்னு நான் சொல்ல மாட்டேன் பொன்மலர். சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. கேட்டாலும் கம்மிதான் ஆகும். ஆனா நீங்களா கூட்டாதீங்க, நீங்களா நிறுத்தாதீங்க. தலை சுத்தினாலோ, மூச்சு இழுத்தாலோ உடனே வந்துடுங்க."

அங்கேயே இன்னொரு அறையில், முழங்கையை விலாவோடு ஒட்டி, எதிலாவது அழுத்தி ஊன்றிக்கொண்டு கையை நீட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளக் கனமான ஒரு பட்டையும் கொடுத்தார்கள்.

பொன்மலருக்குக் கேட்டது. ஒருநாள் டீ நேரத்தில் டம்ளரைத் தூக்கி, சிந்தாமல் சிதறாமல் குடித்து முடித்து, "தபரேஸ் பாய்! இங்க பாருங்க!" என்று காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள். லைன் மொத்தமும் கைதட்டியது. தபரேஸ், "சரி சரி, பீஸைப் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

விஷயம் தெருவுக்கும் எட்டியது. பக்கத்து வீட்டு அக்தரி பேகம் வந்து, "ஏ மலரு, பூட்டுல சாவி போடறப்போ எனக்கும் கை நடுங்குது. ஒண்ணு குடேன்" என்றாள்.

"உங்களுக்கு வீசிங் இருக்குது ஆபா. இது உங்களுக்கு ஆவவே ஆவாது, மூச்சு அடச்சிக்கும். பங்கு போட்டுக்க இது இன்னா மிட்டாயா?" என்று டப்பாவை அலமாரி மேல்தட்டில் வைத்தாள் பொன்மலர். இவ்வளவு புத்தியாகப் பேசியவள்தான். கேளுங்கள், அப்புறம் அவளே என்ன செய்தாள் என்று.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கோயிலைத் தவிர. மாதத்தின் முதல் ஞாயிறு அவர்கள் கோயிலில் திருவிருந்து. பீடத்துக்கு முன்னாலுள்ள மரத் தடுப்பில் வரிசையாக முழங்கால் போட்டு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்கவேண்டும். அன்று எல்லாரும் தலைக்குக் குளித்து, பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல்தான் வருவார்கள். பொன்மலரின் அம்மாவும் அப்படித்தான், பொன்மலரும் அப்படித்தான். முன்பெல்லாம் பாஸ்டரே பெரிய பாத்திரத்தை வாயருகே பிடிப்பார். கொரோனாவுக்கு அப்புறம் ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் என்றாகிவிட்டது. தட்டிலிருந்து அவரவர் எடுத்துக் குடிக்கவேண்டும்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு வந்த முதல் திருவிருந்தில் பொன்மலர் கிண்ணத்தை எடுத்தாள். கை உதறியது, மாத்திரைக்கு முன்னால் உதறியதுபோலவே. ரசம் துள்ளிப்போய் விழுந்த இடம் எது தெரியுமா? பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த அன்னம்மாள் டீச்சரின் வெள்ளைப் பட்டுச் சேலை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, முதல் பெஞ்சுக்காரர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளையில் ஒரு சுருக்கம்கூடப் பார்க்க முடியாது. வெளியே குழாயடியில் சேலையை அலசிக்கொண்டே டீச்சர் சொன்னது பொன்மலர் காதிலேயே விழுந்தது.

"ஃபேக்டரியில ஆடாத கை, பீடத்துக்கு முன்னால மட்டும் ஏன் ஆடணும்? மனசுல என்னமோ இருக்குது."

வேறு யாராவது வேறு எங்காவது சொல்லியிருந்தால் பொன்மலர் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். ஆனால் இது உண்மையாக அல்லவா இருந்தது! கம்பெனியில் டம்ளர் நிற்கிறது. மற்ற ஞாயிறுகளில் பாட்டுப் புஸ்தகம் கையில் நிற்கிறது. திருவிருந்து ஞாயிறு வந்தால் மட்டும் உதறல். அடுத்த மாதமும் அதே கதை. பொன்மலர் உட்கார்ந்து தன் பாவங்களைத் துழாவினாள். மாமியாரை ஏசியது, தபரேஸ் தலையில் இடி விழ என்று சபித்தது எல்லாம் வந்தது. கம்பெனி நூல்கண்டு ஒன்று வீட்டில் கிடந்தது. மறுநாளே கொண்டுபோய் வைத்தாள். அப்புறமும் உதறியது. அதோடு பீடத்தண்டை போவதையே நிறுத்திவிட்டாள். பாஸ்டர் எலியாஸ், "நானே வாயில வைக்கிறேன் வாம்மா" என்று கூப்பிட்டும் போகவில்லை. கடைசி பெஞ்சில் குனிந்தபடி உட்கார்ந்திருப்பாள்.

இப்படியே இருந்திருப்பாளோ என்னவோ, ஜெனிஃபாவின் திடப்படுத்தல் வந்தது. பேராயர் வந்து பிள்ளைகள் தலையில் கைவைத்து ஜெபித்து, அன்றைக்கே அவர்கள் முதல் திருவிருந்து எடுப்பார்கள். அப்பா அம்மா பக்கத்தில் முழங்கால் போடுவது அந்தச் சபையில் வழக்கம்.

ஒரு சாயங்காலம் ஜெனிஃபா திடப்படுத்தல் வகுப்பிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். "உங்க அம்மா இன்னா பாவம் பண்ணாங்கன்னு கேக்குறாங்க மா."

பொன்மலர் முந்தானையால் மகள் முகத்தைத் துடைத்தாள்.

"நீ என் பக்கத்துல முட்டி போட்டு, உன் கையால எடுக்கணும். இல்லன்னா நானும் எடுக்க மாட்டேன், ஆமா" என்றாள் மகள். பிடிவாதம் அப்படியே அம்மாவைக் கொண்டு பிறந்திருந்தது.

திடப்படுத்தலுக்கு முந்தின மாதம் ஒரு திருவிருந்து ஞாயிறு இருந்தது. அதில் ஒத்திகை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். கம்பெனி நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை போதும், கோயில் நடுக்கம் பெரிய நடுக்கம், அதற்கு மருந்தும் பெரிதாக வேண்டும். இப்படி ஒரு கணக்கு! சனிக்கிழமை ராத்திரி சாப்பிட்டபின், யாருக்கும் சொல்லாமல், ஒன்றுக்கு மூன்றாகப் போட்டுக்கொண்டு படுத்தாள்.

விடியலில் குளிக்க எழுந்தாள். எழுந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்து கிடந்தாள். ஜெனிஃபா போட்ட சத்தத்துக்கு, தொழுகைக்கு எழுந்திருந்த அக்தரி பேகம்தான் முதலில் ஓடிவந்தாள். முகமெல்லாம் வேர்வை, கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. ஏசுராஜ் கை கால் ஓடாமல் நின்றான்.

"நிக்கிறியே! ஆட்டோ கூப்பிடு! மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கோ, டாக்டர் கேப்பாங்க" என்று அவனை விரட்டினாள் அக்தரி.

பக்கத்து ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் ஏற்றி, நாடி தேறும்வரை படுக்கவைத்தார்கள். மறுநாள் வேலூரில் டாக்டர் கேத்தரின் முன்னால் உட்கார்ந்தபோது பொன்மலர் தலை நிமிரவில்லை.

"மூணா?" என்றார் டாக்டர். குரல் உயரவில்லை, ஆனால் முகம் சிவந்துவிட்டது. "இது நெஞ்சோட வேகத்தையும் பிரஷரையும் சேர்த்து இறக்குற மாத்திரை. அப்படியே நின்னுபோயிருந்தா? ஏன் இப்படிப் பண்ணீங்க?"

ஒரு வருஷமாக அடக்கிவைத்தது பொன்மலருக்கு அங்கேதான் உடைந்தது. தேம்பித் தேம்பி அழுதாள். "கோயில்ல மட்டும் நடுங்குது டாக்டர். நான் பாவி போல இருக்குது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லா ஞாயிறுமா?"

"இல்ல. திருவிருந்து ஞாயிறு மட்டும்."

"அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"அன்னிக்கு யாரு டாக்டர் சாப்புடுவா!" அழுகையிலும் பொன்மலருக்குக் கோபம் வந்தது. "பச்சத் தண்ணி பல்லுல படாது."

"சரி. அப்போ காலை மாத்திரை?"

"சாப்பிட்டுத்தான போடச் சொன்னீங்க? சாப்பாடே இல்லாதப்போ மாத்திரைய..."

பொன்மலரின் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. ஏசுராஜ் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அடி மலரு!"

"ஒரு வேளதான டாக்டர், உடம்புலதான் சத்து சேந்திருக்குமேன்னு..." என்று இழுத்தாள்.

"இது சத்து மாத்திரை இல்லம்மா. ராத்திரி போடற ஒண்ணு விடியறதுக்குள்ள வேலையை முடிச்சிட்டுப் போயிடும். காலையில போட்டாத்தான் பகல்ல கை நிக்கும்." டாக்டருக்கு இப்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. "விரதம் இருக்கணும்னா முன்னாடியே என்கிட்ட கேளுங்க, வழி பார்க்கலாம். நீங்களா விடக்கூடாது. திடீர்னு விட்டா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். ஒரு வேளை மறந்துட்டாலும் அடுத்த வேளைக்குச் சேர்த்துப் போடக்கூடாது. காலையில எழும்போது கட்டில்ல கொஞ்சம் உக்காந்துட்டு எழுங்க. புரியுதா?"

பொன்மலருக்குப் புரிந்தது. ஆம்பூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் வெடித்தாள். "ஒரு வருஷம்! நான் அழுத அழுகையெல்லாம் ரெண்டு இட்லிக்கா?" முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு விழித்தார். ஏசுராஜ் சிரிக்க ஆரம்பித்தான். அவளும் சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஆனாலும் அம்மா காலத்து வழக்கத்தை அப்படி விட்டுவிட மனசு வருமா? பாஸ்டர் வீட்டுக்குப் போனாள். நடந்ததையெல்லாம் கேட்ட பாஸ்டர் எலியாஸ் தாடையைத் தடவினார்.

"சாப்பிடாம வரணும்னு யாரும்மா சொன்னது? அது பெரியவங்க வச்ச வழக்கம், கட்டளை இல்ல. எனக்குச் சுகர். திருவிருந்து அன்னிக்கு நானே ரெண்டு இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டுட்டுத்தான் அங்கி மாட்டறேன்."

"ஐயா!" பொன்மலருக்குப் பழைய வாய் திரும்பி வந்தது. "இத நீங்க பிரசங்கத்துல சொல்லியிருந்தா நான் ஏன் கட்டில்ல இருந்து உருளப்போறேன்?"

பாஸ்டருக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிறு அறிவிப்புகளுக்கு நடுவில், "மாத்திரை போடுறவங்க எந்த ஆராதனைக்கும் சாப்பிட்டு, மாத்திரை போட்டுட்டு வரலாம், வரணும்" என்று சத்தமாகவே சொன்னார். சபையில் பாதிப் பேர் நிம்மதிப் பெருமூச்சு விட்டது கடைசி பெஞ்சுவரை கேட்டது. அன்னம்மாள் டீச்சர் மட்டும் திரும்பிப் பார்க்காமல், "எனக்கெல்லாம் விசுவாசம் இருக்குது, இட்லி வேணாம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம்.

திடப்படுத்தல் அன்று காலை பொன்மலர் கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுந்தாள். இட்லியும் வடகறியும் சாப்பிட்டாள். மாத்திரை ஒன்று, ஒன்றே ஒன்று, ஜெனிஃபா கண்முன்னால் போட்டாள். மகளுக்குத் தன் கையால் வெள்ளைச் சேலை கட்டிவிட்டாள். பின் குத்தும் வேலையை மட்டும் ஏசுராஜிடம் விட்டாள், அவன் தன் விரலில் ஒருமுறை குத்திக்கொண்டான்.

பேராயரின் பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் கூப்பிட்டார்கள். இடதுபக்கம் ஜெனிஃபா, அவளுக்கு அப்பால் ஏசுராஜ். முழங்கால் போட்டுவிட்டு வலதுபக்கம் பார்த்தாள் பொன்மலர். அடக் கடவுளே, அன்னம்மாள் டீச்சர்! அதே வெள்ளைப் பட்டு. டீச்சர் முந்தானையை இழுத்து ஒதுக்கிக்கொண்டார்.

தட்டு வந்தது. ஜெனிஃபா தன் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையையே பார்த்தாள். பொன்மலர் முழங்கையை மரத் தடுப்பில் அழுத்தி ஊன்றினாள். கையை நீட்டினாள். கிண்ணத்துக்குக் கிட்டே விரல்கள் லேசாக ஆடின, ஆடத்தான் செய்தன. பிடித்தாள். தூக்கினாள். குடித்தாள், கடைசிச் சொட்டுவரை. காலிக் கிண்ணத்தைத் தட்டில் வைத்தாள். பாஸ்டர் எலியாஸ் ஜெபம் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு நொடி தடுமாறிவிட்டார். ஜெனிஃபா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் கிண்ணத்தை எடுத்தாள்.

அப்போதுதான் வலதுபக்கம் சத்தம். டீச்சரின் கையில் கிண்ணம் கிடுகிடுவென்று ஆடியது. நெற்றியெல்லாம் வேர்வை. சுகர்க்காரர், முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிறு, சுகர் இறங்கிவிட்டது. ஒரு சொட்டு வெள்ளைப் பட்டில் விழுந்தது. இரண்டாவது சொட்டு விழுவதற்குள் பொன்மலரின் கை போய்விட்டது. அந்த மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கி, கிண்ணம் வாய்க்குப் போகும்வரை விடாமல் பிடித்துக்கொண்டது. சபையே பார்த்தது.

ஆராதனை முடியக் காத்திராமல் ஏசுராஜும் அவளும் டீச்சரை வெளியே மரத்தடி பெஞ்சுக்கு அழைத்துப் போனார்கள். எதிர்க் கடையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ போடச் சொல்லி, பொன்மலரே வாங்கிவந்தாள். முழங்கை விலாவில், பட்டை மணிக்கட்டில், கண் டம்ளர்மேல். ஏசுராஜ் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான், கொடுக்கவில்லை. டீச்சர் இரண்டு மடக்கு குடித்ததும் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"டீச்சர், காலையில இன்னா சாப்டீங்க?" என்று கேட்டாள் பொன்மலர்.

டீச்சர் டம்ளரையே பார்த்தார்.

"அடுத்த மாசம் நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. இட்லி ஊத்தி வெக்கிறேன். சாப்ட்டு, மாத்திரை போட்டுட்டு, சேந்து போலாம்."

அன்னம்மாள் டீச்சர் மெல்லத் தலையாட்டினார். வெள்ளைப் பட்டில் ரசத்தின் சிவப்பு ஒரு சொட்டு இருந்தது. டீக் கறை எங்கேயும் இல்லை.